முகம் பார்த்துச் சொல்

அத்தியாயம் 14

நாத்தனாரின் கோட்டைத் தேய்க்கும்போது லாண்டரியம்மாவின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது.

ஒரு நிமிஷம் அதை அந்தக் கருநீலத் துணியின் மேல் வைத்துவிட்டு, வேறு ஏதோ ஞாபகத்தில் மறந்துவிட்டால் என்ன? கை தவறிவிட்டது என்றால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்தக் கடையில் இதுவரை ஒரு துணி கருகியதில்லை. நாத்தனாரின் கோட்டைக் கெடுக்கப் போய்த் தன் கடையின் பெயரைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. காலரின் உள்மடிப்பு வரைக்கும் நீராவி விட்டு, பொத்தான்களைச் சுற்றிப் பெட்டியின் நுனியால் தேய்த்து, கச்சிதமாக ஹேங்கரில் மாட்டினாள். பொறாமை ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம்.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இந்தப் பொறாமை பழக்கமானதுதான். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம்.

லாண்டரியம்மாவின் கணவருக்குத் தங்கை ஒருத்தி. சட்டமன்ற உறுப்பினர். கேட்பாரற்றவர்கள் யார் வந்து நின்றாலும் அவர்களுக்காகச் சபையில் தொண்டை கிழியப் பேசுகிறவள் என்று பெயர். ஊருக்கு அவள் மேடம். மேடம் தேர்தலில் ஜெயித்த நாளிலிருந்து லாண்டரியம்மாவுக்கு இருந்த பெயரும் போயிற்று. தெருவில் அவளை 'மேடத்தோட அண்ணி' என்றார்கள். துணி போட வருகிறவர்கள்கூட, "இது மேடம் வீட்டுக் கடைதானே?" என்று கேட்டார்கள். மேடம் அந்தக் கடையில் ஒரு கைக்குட்டையைக்கூட மடித்து வைத்ததில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது மகள் விஷயம்.

மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வளர்ந்து, மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குப் போன பிறகும் அந்த வால் சுருங்கவில்லை. குழந்தையில் அவள் மோவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பித் திருப்பி உதட்டைப் படிக்கக் கற்றுக் கொடுத்தவள் லாண்டரியம்மா. அடுப்புக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவே நின்று சைகை மொழி கற்றுக்கொண்டவளும் அவள்தான். அந்த வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பேசுகிறவர்கள் முகத்தைக் காட்டிப் பேச வேண்டும். சண்டையானாலும் முகம் பார்த்துத்தான் போட வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் அங்கே கதவைச் சாத்தியதாக அர்த்தம்.

நாத்தனாரோ, தலை நரைத்த பிறகு ஒரு வகுப்பில் சேர்ந்து சைகை கற்றுக்கொண்டு, சபையில் எழுந்து இரண்டு மூன்று வாக்கியங்களைக் கையாலேயே பேசினாள். பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. லாண்டரியம்மா மட்டும் டி.வி. முன்னால் உட்கார்ந்து, "கட்டை விரலை மடக்கக்கூடத் தெரியல. இதுக்குக் கைதட்டு வேற," என்றாள். பக்கத்தில் வாலு கைதட்டிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் நடந்ததுதான் கடைசி அடி. கடையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அத்தையும் வாலுவும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்ற வீடுகளில் ரகசியம் பேசக் குரலைத் தாழ்த்தினால் போதும். இந்த வீட்டில் முதுகைக் காட்ட வேண்டும். இருவரும் அதை மறந்துவிட்டார்கள்.

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றது அத்தை?" என்றது வாலுவின் கை.

"நீதான் சொல்லணும். நான் சொன்னா அண்ணி தாங்க மாட்டாங்க," என்றன நாத்தனாரின் தடித்த விரல்கள், தப்பும் தவறுமாக.

தலைநகரில் தன் அலுவலகத்தில் வேலைக்கு வரும்படி நாத்தனார் வாலுவைக் கூப்பிட்டிருந்தது லாண்டரியம்மாவுக்குத் தெரியும். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள். பெற்று, வளர்த்து, பேச வைத்தது ஒருத்தி. ஆளாகி நின்றதும் அலுங்காமல் அள்ளிக்கொண்டு போவது இன்னொருத்தி. அன்றிலிருந்து லாண்டரியம்மாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணி, கோட்டு ரெடியா?"

நாத்தனார் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். பதிலுக்கு நிற்கவில்லை. போன் அடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"முகம்!" என்றாள் லாண்டரியம்மா சத்தமாக.

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். "சாரி அண்ணி."

"ஊருக்கெல்லாம் சட்டம் போடறே. இந்த வீட்டுல இருக்கறதே ஒண்ணே ஒண்ணு. அதைக் காப்பாத்த முடியல."

லாண்டரியம்மாவின் கணவர் சட்டென்று துணி மூட்டைக்குப் பின்னால் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் அவருக்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடம் அதுதான்.

நாத்தனார் கோட்டை மாட்டிக்கொண்டாள். அது அவளுக்கு எடுப்பாக இருந்தது. இருக்காதா பின்னே, தேய்த்தது யார்?

"அண்ணி, இன்னிக்கு நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல. கடையில வேலை குவிஞ்சு கிடக்கு. அண்ணன் ஒருத்தரா என்ன பண்ணுவாரு?"

"உங்க அண்ணன் சமாளிப்பாரு. என் பொண்ணு குழுவுக்கு முன்னாடி சாட்சி சொல்லப் போறா. நான் இங்க உக்காந்து பட்டன் தைக்கணுமா?"

"அதுக்கில்ல அண்ணி..."

"எதுக்கில்ல? நான் வரக்கூடாதுன்னா முகத்தைப் பார்த்துச் சொல்லு."

நாத்தனார் வாயைத் திறந்தாள். அதற்குள் மாடிப்படியில் வாலு இறங்கி வந்தாள். சாம்பல் நிற உடை, அத்தை வாங்கிக் கொடுத்த தோடு. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையால் கேட்டாள்: "சண்டையா?"

"இல்லையே," என்று இரண்டு பேருடைய கைகளும் ஒரே சமயத்தில் சொல்லின. அண்ணியும் நாத்தனாரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அது.

*

சாட்சி கேட்க இந்த ஊருக்கே வந்திருந்த சட்டசபைக் குழு கூடும் அறையில் நீள மேஜை, மேஜை நெடுக மைக், ஒவ்வொரு மைக்கிலும் சின்னச் சிவப்பு விளக்கு. சுவரோரம் பார்வையாளர்களுக்கு நாற்காலிகள்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, இந்த மூன்று இடங்களிலும் காது கேட்காதவர்களுக்கும், ஊர் மொழி தெரியாத சிறுபான்மை மக்களுக்கும் அரசாங்கமே மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தர வேண்டும். நாத்தனார் கொண்டுவந்த மசோதா. இன்றைக்கு சாட்சிகளைக் கேட்டுவிட்டு, இதைச் சபைக்கு அனுப்புவதா, குப்பையில் போடுவதா என்று குழு முடிவு செய்யும்.

வராந்தாவில் மலைச்சரிவு மக்கள் ஒரு பத்துப் பேர் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசுகிற மொழியைப் பேச இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. நாத்தனார் தேய்த்த கோட்டோடு அப்படியே தரையில் சப்பென்று உட்கார்ந்து, அவர்களில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாஷை தெரியாது. பிடித்த கையை மட்டும் விடவில்லை. அந்தப் பெண் அவள் தோளில் சாய்ந்து அழுதாள்.

கோட்டு கசங்குகிறதே என்பதுதான் லாண்டரியம்மாவுக்கு முதலில் தோன்றியது. அடுத்துத் தோன்றியது அவளுக்கே பிடிக்கவில்லை. நடிப்பாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று தேடித் தேடிப் பார்த்தாள். நடிப்பாகத் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதல் சாட்சி அந்தப் பெண்தான். புரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜெயிலுக்குப் போன கணவனைப் பற்றி அவள் பேசினாள். மூச்சு விடாமல், மார்பில் அடித்துக்கொண்டு பேசினாள். பக்கத்தில் அவளுடைய கொழுந்தன் நின்றான். ஊர் மொழி அவனுக்கு அரைகுறை. அவள் பேசி முடித்ததும் அவன் தலையைச் சொறிந்தான்.

"கஷ்டமா இருந்திச்சாம்," என்றான்.

"அவ்வளவு நேரம் பேசினாங்களே, இவ்வளவுதானா?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"அவ்வளவுதான்," என்றான் கொழுந்தன். மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் லேசாகச் சிரித்து வைத்தாள்.

லாண்டரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'என்னைச் சொல்லச் சொன்னா ஒரு சொல்லு விடாம சொல்லியிருப்பேன்' என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளைக் கொஞ்ச நேரத்தில் எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்து வாலு. அவளோடு மொழிபெயர்ப்பாளரும் எழுந்து வந்தாள். உயரமான பெண், கைகள் பளிச்சென்று தெரிவதற்காகக் கறுப்பு உடை.

"ஒரு நிமிஷம்," என்று ஒரு குரல் கேட்டது.

எதிர்த்தரப்பு உறுப்பினர். அவருக்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த மசோதா வந்தாலும் செலவு எதற்கு என்பார். "இந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு பண்ணது யாரு? மேடம். அவங்க மசோதா, அவங்க சாட்சி, அவங்க ஆளு. நல்லா இருக்கு. எதுக்கு வெளி ஆளுன்னு கேக்கறேன். பெத்த தாயே வந்து உக்காந்திருக்காங்களே! அந்தப் பொண்ணு மனசு அவங்களை விட யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடத்தின் அண்ணியை இல்லை, தாயை.

லாண்டரியம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை காலமும் யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று அவள் காத்திருந்த வார்த்தை அது. நாத்தனாரின் எதிரி வாயிலிருந்து வந்தால் என்ன?

"அண்ணி, வேணாம்." நாத்தனார் எழுந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "தலைவரே, இது சரியில்ல. குடும்பத்து ஆளுங்களை இதுல இழுக்கக் கூடாதுங்கறதுக்குத்தானே இந்த மசோதாவே?"

'பார்றா, எப்படித் துடிக்கிறா!' என்று லாண்டரியம்மா உள்ளுக்குள் கொக்கரித்தாள். "எனக்கு ஒண்ணும் சிரமமில்லீங்க," என்று எழுந்தாள். தலைவர் தலையாட்டினார். கறுப்பு உடைக்காரி ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

வாலு அம்மாவைப் பார்த்தாள்.

"நான் சொல்றதை அப்படியே சொல்லுவியாம்மா?" என்று கையால் கேட்டாள்.

"உன் கையைப் படிக்க என்னை விட்டா யாரு இருக்கா?"

"அப்படியேன்னா அப்படியே."

"சொல்லுடி."

வாலு தொடங்கினாள். ஒருமுறை சைக்கிள் திருடு போய்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது, அவள் கையை ஆட்டுவதைப் பார்த்து ஏதோ ரகளை பண்ணுகிறாள் என்று அவளையே மூலையில் உட்கார வைத்தது. லாண்டரியம்மா சொல்லச் சொல்ல அறை கேட்டது. "திருட்டுக் கொடுத்தவளைத் திருடியைப் பார்க்கற மாதிரி பார்த்தாங்களாம். சாயங்காலம் ஒரு போலீஸ்காரரு அந்த சைக்கிள்லயே வந்து இறங்கினாராம்!" என்றபோது குழுத் தலைவரே சிரித்துவிட்டார். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் மகளின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். வாலு அவள் உதட்டைப் படித்து, சரி, சரி என்று தலையசைத்தாள்.

லாண்டரியம்மா ஓரக்கண்ணால் நாத்தனாரைப் பார்த்தாள். 'பாத்தியா? வகுப்புல போய்க் கத்துக்கிட்டா இது வருமா?'

நாத்தனார் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாலுவின் கை மெதுவானது. "போன வருஷம் எனக்கு வயித்து வலி வந்தது. அம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் மாஸ்க் போட்டிருந்தாரு, உதடு தெரியல. ரொம்ப நேரம் பேசினாரு. என்னன்னு அம்மாவைக் கேட்டேன். சின்னக் கட்டி, எடுத்துடுவாங்க, வேற ஒண்ணுமில்லன்னாங்க. நான் கையெழுத்துப் போட்டேன்."

லாண்டரியம்மா அதையும் சொன்னாள். ஆனால் குரலில் இருந்த மிடுக்கு இறங்கிவிட்டது. இவள் எதற்கு இப்போது அதை எடுக்கிறாள்?

வாலு அம்மாவின் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன மாசம் அத்தை என்னை வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க மொழிபெயர்ப்பாளர் இருந்தாங்க. கட்டியோட சேர்த்து ஒரு பக்கத்து சினைப்பையையும் எடுத்திருக்காங்கன்னு அங்கதான் எனக்குத் தெரிஞ்சது. பின்னாடி குழந்தை பொறக்கறது கஷ்டமாகலாமாம். அந்த டாக்டர் அதை அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லியிருக்காரு. என் உடம்பு. எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சது."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பேசிக்கொண்டது இதுதானா? தலைநகரும் இல்லை, வேலையும் இல்லை. இதை எப்படிச் சொல்வது என்றுதான் பெண் தவித்திருக்கிறாள். காலையில் நாத்தனார் கடைக்குள் நின்று வாயைத் திறந்ததும் இதற்குத்தான்.

மேஜையைச் சுற்றி எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ம்... என்ன சொல்றாங்க?" என்றார் தலைவர்.

அவள் தலைவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஆஸ்பத்திரியில கூட அம்மா இருந்ததால ஒரு கஷ்டமும் தெரியலன்னு சொல்றா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதாம்."

சிக்கனம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் சொல்லல? பெத்த தாய் கூட இருந்தா போதும் தலைவரே. இதுக்கு ஒரு மசோதா, ஒரு இலாகா, ஒரு செலவு!"

வாலுவுக்கு அம்மா சொன்ன வார்த்தை தெரியாது. ஆனால் அம்மாவின் முகம் திரும்பியது தெரிந்தது. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது போதும். அவள் கைகள் இரண்டும் மடியில் போய் விழுந்தன.

லாண்டரியம்மா நாத்தனாரைப் பார்த்தாள்.

நாத்தனாருக்குச் சைகை தெரியும். தப்பும் தவறுமாகவாவது தெரியும். ஓரத்தில் கறுப்பு உடைக்காரிக்கு நன்றாகவே தெரியும். அவள் நாற்காலி நுனிக்கு வந்து மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் எழுந்து, 'தலைவரே, இந்த அம்மா இப்ப சொன்னது பொய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மசோதா ஜெயித்துவிடும். அரசியல்வாதிக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாத்தனார் எழவில்லை. மேஜை மேல் இருந்த விரல்களை இறுக்கிக் கோத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. அண்ணியைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி, பரவாயில்லை என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தாள்.

அதுதான் லாண்டரியம்மாவைக் குத்தியது.

ஐயோ, இவள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கக் கூடாதா? ஜென்மத்துக்கும் வைது தீர்த்திருக்கலாமே! வராந்தாவில் அழுகிற அந்தப் பத்துப் பேரையும், இத்தனை வருஷ உழைப்பையும் எனக்காக விட்டுக் கொடுத்துவிட்டு, இதிலும் இவளே பெரிய மனுஷியாகிவிடுவாளா? என் பெண்ணுக்கு நான் செய்த துரோகத்தைக்கூட இவள்தான் மூடி மறைக்க வேண்டுமா?

மற்றவர்களாக இருந்தால் மனசாட்சி உறுத்தித் திருந்தியிருப்பார்கள். லாண்டரியம்மாவை நிமிர வைத்தது பொறாமை. அந்தப் பெருமையை நாத்தனாருக்கு விட்டுக் கொடுக்க அவளால் ஆகவில்லை.

மகள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். வாயாலும் கையாலும் ஒரே சமயத்தில் சொன்னாள்.

"தலைவரே, நான் இப்ப சொன்னது பொய்."

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என் பொண்ணு சொன்னது அது இல்ல. ஆபரேஷன்ல இன்னொண்ணையும் எடுத்துட்டாங்க, குழந்தை பொறக்கறது கஷ்டமாகலாம், அது அம்மாவுக்குத் தெரியும், எனக்குச் சொல்லலன்னு சொன்னா. நிஜம்தான். அன்னிக்கும் நான் சொல்லல. இப்பவும் மாத்திச் சொன்னேன், உங்க எல்லாரு முன்னாடியும், அவ கண்ணெதிர்ல."

வழிந்த கண்ணீரைத் துடைத்துக்கொள்ளாமல் சிக்கனத்தைப் பார்த்தாள்.

"பெத்த தாயை விட யாருக்குத் தெரியும்னீங்களே ஐயா. தெரியும். எல்லாம் தெரியும். பெத்த தாயா இருக்கறதாலதான் பொய் வருது. அவ மனசு நோகக் கூடாதுன்னு ஒரு பொய், என் மானம் போகக் கூடாதுன்னு ஒரு பொய். இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல. அதோ, அந்தம்மாவைக் கூப்பிடுங்க."

கறுப்பு உடைக்காரி எழுந்து வந்தாள். லாண்டரியம்மா கடைசி வரிசைக்குப் போனாள். யாரும் கைதட்டவில்லை.

அங்கே உட்கார்ந்து மகளின் மீதிச் சாட்சியத்தை அன்னியப் பெண் ஒருத்தியின் குரலில் கேட்டாள். முன்பின் தெரியாத வாயில் 'என் அம்மா' என்று வந்தபோது, அந்த நிலைமையிலும் அவளுக்குச் சுருக்கென்றது.

"எனக்கு என் அம்மா மேல கோபம் இருக்கு," என்றது அந்தக் குரல். "அது வீட்டுல நாங்க பேசிக்க வேண்டியது. ஆனா அந்த வேலையை அவங்க தலையில கட்டினது யாரு? ஆஸ்பத்திரி. இன்னிக்கு மறுபடியும் கட்டினது நீங்க. எங்க அம்மாவை எங்க அம்மாவா மட்டும் இருக்க விடுங்க. அதுக்குத்தான் இந்தச் சட்டம் வேணும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி, வெகு நேரம் துடைத்தார். சிக்கனம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினார். பிறகு, அந்த மலைச்சரிவுப் பெண்ணையும் சரியான மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி கேட்க வேண்டும், அதன் பிறகுதான் முடிவு என்று சொல்லித் தலைவர் எழுந்துவிட்டார்.

*

வராந்தாவில் நாத்தனார் வந்து பக்கத்தில் நின்றாள். கோட்டின் தோளில் அந்தப் பெண்ணின் கண்ணீர்க் கறை காய்ந்திருந்தது.

"நீ ஏன் எழுந்து சொல்லல?" என்று கேட்டாள் லாண்டரியம்மா.

"சொல்லியிருக்கணும். அவங்களுக்கெல்லாம் நான் வாக்குக் கொடுத்திருக்கேன்." நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். "வாய் வரல அண்ணி. ராத்திரி தூக்கம் வருமான்னு தெரியல."

"நல்லவளாவே இருந்து என்னைக் கொல்லாதே."

நாத்தனார் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என்னைப் பார்த்தா உங்களுக்கு வயிறு எரியுது. எனக்குத் தெரியாதா? ஆயிரம் பேரு என்னை மேடம்ங்கறாங்க. உங்க மேல அவ்வளவு கோபத்தை வெச்சுக்கிட்டு அவ இப்ப என்ன கேட்டா தெரியுமா? உங்க வண்டி எங்க நிக்குதுன்னு கேட்டா. என் காரு வாசல்லயே நிக்குது. எனக்கும்தான் எரியுது அண்ணி."

லாண்டரியம்மா அவள் தோளைப் பார்த்தாள். "கோட்டைக் கழட்டு. கறை ஊறிடும்," என்று வாங்கி மடித்துக்கொண்டாள்.

"வேலைக்குக் கூப்பிட்டேனே, அதுக்கு அவ இன்னும் பதில் சொல்லல," என்றாள் நாத்தனார். அதை எதற்கு இப்போது சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

லாண்டரி வண்டியின் முன் இருக்கையில் வாலு ஏறி உட்கார்ந்தாள். ஏறியவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருக்கள் போயின. கடைகளின் நிழலும் சாயங்கால வெயிலும் வண்டிக்குள் வந்து வந்து போயின. பின்னால் கம்பியில் ஹேங்கர்கள் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு லாண்டரியம்மா ஓட்டினாள். வாழ்நாளில் இவ்வளவு பெரிய கதவு அவளுக்கு எதிரே சாத்திக்கொண்டதில்லை.

ஒரு திருப்பத்தில் அவள் மோவாயில் ஏதோ பட்டது.

வாலுவின் விரல். குழந்தையில் அம்மா அவளை எப்படித் திருப்புவாளோ, அதே மாதிரி இரண்டு விரலால் தொட்டு அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். ஸ்டீயரிங்கைப் பிடித்த கையால் பேச முடியாது. லாண்டரியம்மா வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தாள்.

"அன்னிக்கு டாக்டர் சொன்னது எல்லாம் சொல்லு," என்றது வாலுவின் மற்றக் கை. "ஒண்ணு விடாம."

"அதான் தெரிஞ்சுட்டுதே."

"எல்லாம் தெரிஞ்சுதா? உன் வாயால சொல்லு. முகம் பார்த்து."

லாண்டரியம்மா மகளின் கண்ணைப் பார்த்தாள்.

எல்லாம் தெரியாது. புது ஆஸ்பத்திரிக்குத் தெரியாது, கறுப்பு உடைக்காரிக்குத் தெரியாது, மூட்டைக்குப் பின்னால் குனிகிற மனுஷனுக்கும் தெரியாது. சினைப்பையை உடனே எடுக்க வேண்டிய அவசியமில்லை, மருந்து கொடுத்துச் சில மாதம் பார்க்கலாம், எது வேண்டும் என்று பெண்ணைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றுதான் அந்த மாஸ்க் போட்ட டாக்டர் சொன்னார். லாண்டரியம்மா பெண்ணைக் கேட்கவில்லை. வலி தீர்ந்தால் போதும் என்று பயந்துபோய், "எடுத்துடுங்க, அவளுக்கும் அதான் இஷ்டம்," என்று தானே சொல்லிவிட்டாள்.

மேடத்துக்குத் தெரியாத ஒன்று இன்னும் அவளிடம் இருந்தது, அவளிடம் மட்டும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, இதுவும் நாத்தனாருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கினாள்.

வாலு காத்திருந்தாள். அவள் விரல் இன்னும் அம்மாவின் மோவாயை விடவில்லை.

லாண்டரியம்மா மடியிலிருந்த கோட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். கைகளைத் தூக்கினாள்.